வா, இன்னும் கொஞ்சம்

இருபத்தாறு வருஷம் லாரிகளைக் கூப்பிட்டவன் நான்.
சகாவோ நீரிணைப் படகின் சாய்தளத்தில் நின்று
முதுகு காட்டி வரும் சால்மன் வண்டிகளுக்கு
வலது கை விரல்களை மடக்கி மடக்கி:
வா, வா, இன்னும் கொஞ்சம்,
நில்.
ஒரு விரற்கடை பிசகியதில்லை.
ஒரு சக்கரத்தைக்கூடக் கடல் என்னிடம் வாங்கியதில்லை.

இப்போது அந்தக் கை மேசைமேல் கிடக்கிறது,
கடைசிப் படகும் போன பிறகு
யாரும் கேட்டு வராத மூட்டை மாதிரி.
கூப்பிடுகிறேன்.
வரமாட்டேன் என்றுகூடச் சொல்வதில்லை.

செவ்வாய், வெள்ளி, காலை பத்தரை.
ஒதிலியா செல்போனை மாவு டப்பாவில் சாய்த்து வைக்கிறாள்.
ஆஸ்பத்திரி என்றால் எங்களுக்கு
ஒரு பேருந்து, ஒரு படகு, மறுபடி ஒரு பேருந்து.
அதனால் ஆஸ்பத்திரியே உள்ளங்கை அகலத்தில்
சமையலறைக்கு வருகிறது:
புவெர்த்தோ மோன்ட்டிலிருந்து யாஸ்னா,
என் மகளைவிடச் சின்னவள்,
"தோன் எலியேசர், இன்றைக்குத் துணிக்கவ்வி."

மேசை நடுவில் கண்ணாடியை நிறுத்தவேண்டும்.
வலது கை அதற்குப் பின்னால், மறைவில்.
இடது கை கிண்ணத்தின் விளிம்பில் பன்னிரண்டு கவ்வி மாட்டும்.
நான் கண்ணாடியையே பார்க்கவேண்டும்;
அங்கே மாட்டுவது வலது கை.
"மூளை கொஞ்சம் ஏமாறட்டும்" என்கிறாள்.
அறுபத்தோரு வருஷமாக எனக்கு என் மூளையைத் தெரியும்.
சீட்டாட்டத்தில் தவிர அது எங்கும் ஏமாந்ததில்லை.
வலது கை செய்வது இடது கைக்குத் தெரியவேண்டாம்
என்று பாதிரியார் வாசிப்பார்.
இங்கே வலது கைக்கே தெரியவில்லை.

பேச்சும் பாதிதான் கரையேறியிருக்கிறது.
ரொட்டி கேட்கப் போனால் கயிறு என்று வருகிறது.
முதல் வாரம் ஒதிலியா அழுதாள்.
இப்போது கேட்கிறாள்,
"கயிற்றுக்கு வெண்ணெய் தடவட்டுமா?"

அந்த வெள்ளிக்கிழமை மழை.
சிலோயேவில் மழைக்கும் பக்கவாதம்தான்,
பக்கவாட்டில்தான் பெய்யும்.
ஒன்பதாவது கவ்வியில் யாஸ்னா உறைந்துபோனாள்.
வாய் பாதி திறந்து
ஒரு கண் சுருங்கி
தூக்கிய கை தூக்கியபடி.
சொல் உதட்டோரம் நிற்கிறது, இறங்கவில்லை.

எனக்குத் தெரியும் அந்த முகம்.
மார்ச் மாதம், விடியுமுன், சவரம் செய்யும் கண்ணாடியில்
பார்த்திருக்கிறேன்.
அடி பெண்ணே, உனக்குமா.

ஒதிலியா விறகெடுக்கப் போயிருந்தாள்.
இடது கையால் திரையைத் தொட்டேன்,
அவள் எனக்குச் சொல்வதையே அவளுக்குச் சொன்னேன்:
அவசரமில்லை. மூச்சு விடு.
எவ்வளவு நேரம் வேண்டுமோ எடுத்துக்கொள்.
மூன்று வாக்கியம்.
ஒரு கயிறும் குறுக்கே விழவில்லை.
பிறகு, மூடுபனியில் திணறும் ஓட்டுநரிடம் சொல்வதுபோல்,
வா, என்றேன்,
வா, இன்னும் கொஞ்சம்.

கண்ணாடிக்குப் பின்னால்
மேசைவிரிப்பில் நகம் உரசுகிற சத்தம்.

எட்டிப் பார்ப்பதற்குள் ஒன்றுமில்லை.
அந்நேரம் வெளியே ஒரு லாரியும் போயிற்று.
ஜன்னல், கிண்ணம், கவ்விகள், எல்லாமே நடுங்கின.
சத்தியம் செய்யச் சொன்னால் செய்யமாட்டேன்.

"கேட்கிறதா, தோன் எலியேசர்?"
கை இறங்கி, கண் திறந்து, யாஸ்னா வந்துவிட்டாள்.
"ஏதோ சொன்னீர்களா?"

கயிறு, என்றேன்.

அன்றைய குறிப்பில் எழுதியிருந்தாள்:
இணைப்பில் கோளாறு. ஒன்பது கவ்வி.
மற்றபடி மாற்றமில்லை.

செவ்வாய்க்கு இன்னும் நான்கு நாள்.
கண்ணாடியை மேசையிலிருந்து எடுக்க வந்த ஒதிலியாவிடம்
இருக்கட்டும் என்று தலையசைத்தேன்.
மீதி மூன்று கவ்வியை மட்டும்
ஈரச் சட்டைக்கு எடுத்துப்போனாள்.