மெய்விலா, பொய்விலா

திருகோணமலை ஆஸ்பத்திரி எக்ஸ்ரே அறை.
கதவைச் சாத்தினாலும்
துறைமுகத்து டீசல் மணக்கும்.

மூச்சை இழுத்துப் பிடியுங்கோ, என்றேன்.
பிடித்தார் உதுமாலெவ்வை,
கிண்ணியாவில் சங்கு முழுகுகிறவர்.
படம் விழுந்தது.
விடச் சொல்ல மறந்துபோனேன்.
அவரும் விடவில்லை,
நான் பதறி ஓடிவரும்வரை.

பக்கத்துக்கு
மெய்விலா ஏழு, பொய்விலா மூன்று,
முன்னால் எதிலும் ஒட்டாமல்
மிதப்பவை இரண்டு.
முள்ளந்தண்டு
சங்குப்பை தொங்கும் பக்கமாய்
லேசாகச் சாய்ந்து.

இடப்புறப் பொய்விலா மூன்றிலும்
பழைய முறிவு.
முடிச்சு விழுந்து ஆறியிருக்கிறது,
ஒரே நேர்கோட்டில்.

"இது எதால?"
"கடல் அடிச்சது, மகள்."

கடல்
இவ்வளவு நேராக அடிக்காது.

காரணம் என்ற கட்டத்தில்
கடல் என்றே எழுதினேன்.
எட்டிப் பார்த்தார்.
பொத்தானை மாற்றிப் பூட்டிக்கொண்டு
வெயிலுக்குள் போனார்.