ஐந்து சதவீதக் கழிவு

படகு பதினான்கு. மிதிப்பது ஒன்பது, துடுப்பு ஐந்து.
ஆண்டுப் பிரீமியம் அறுபத்தோராயிரத்து நானூறு.
ஓட்டுகிறவர்களிடம் பயிற்சிச் சான்றிதழ் இருந்தால்
நூற்றுக்கு ஐந்து கழிவு என்று
சேலம் ஐந்து ரோட்டிலிருந்து போன் செய்தார்
ஏஜென்ட் சுகவனம்.
அஞ்சு ரோட்டுக்காரன் அஞ்சுதான் தருவேன் என்று
அவரே சொல்லி அவரே சிரித்தார்.

நான் கணக்கு எழுதுகிறவள்.
ஆறு பேருக்குப் பயிற்சி, தலைக்கு நாலாயிரத்து ஐநூறு.
இருபத்தேழாயிரத்தை மூவாயிரத்து எழுபதால் வகுத்தேன்.
போட்ட பணம் திரும்ப
எட்டு வருஷம் ஒன்பதரை மாசம்.
அதற்குள் சில்வர் ஓக்கில் ஏற்றிய மிளகு
உச்சியைத் தொட்டுவிடும் என்றேன் முதலாளியிடம்.
ஆடி மூடுபனியில் எப்படியும் ஆள் வராது,
நடத்திவிடு என்றார் பெலிக்ஸ்.

தூத்துக்குடியிலிருந்து வந்தாள் மரிய ஜெனோவா.
கடலில் வளர்ந்தவள்
ஏற்காட்டு மலையின் இருபது வளைவில்
மூன்று முறை வாந்தி எடுத்திருந்தாள்.
எலுமிச்சையை முகர்ந்தபடி எங்கள் ஏரியைப் பார்த்து
'இது முழுசுமேவா, இன்னும் இருக்கா' என்றாள்.
பிறகு தீர்த்தகிரியிடம்,
'அண்ணே, படகை நிறுத்துங்க பாப்போம்.'

பத்தொன்பது வருஷமாகத் துடுப்புப் போடுகிறார் தீர்த்தகிரி.
நிறுத்தியதில்லை.
கரை வரும். டயரில் முட்டும்.
அதற்குப் பெயர் நிற்பது.

கைப்பிடியை நெஞ்சிலிருந்து தள்ளணும், என்றாள்.
இழுத்தே பழகிய தோள்கள்
தள்ளச் சொன்னதும் கூச்சப்பட்டன.
மாலைக்குள் நின்றது படகு,
நடு ஏரியில், எதிலும் முட்டாமல்.
தீர்த்தகிரி சுற்றிலும் பார்த்தார்,
யாரோ பிடித்திருக்கிறார்களா என்று.

மறுநாள் காப்பித் தொலி அடைத்த சாக்குக்கு
உயிர்காப்புச் சட்டை மாட்டினார்கள்.
பையன்கள் அதற்கு வைத்த பெயர் சுகவனம்.
சுகவனம் விழுந்துட்டாரு!
சுகவனம் கிழக்கே போறாரு!
பனிக்குள் விசில், துடுப்பு, கூச்சல்.
பன்னிரண்டு முறை விழுந்தார், பதினோரு முறை பிழைத்தார்.
ஒரு முறை மட்டும் தொலி ஊறி
கௌரவமாக மூழ்கிப் போனார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிறு, ஈரோட்டுக் குடும்பம்.
இரண்டு படகு பக்கம்பக்கமாக.
போட்டோவுக்காக எழுந்து நின்று
அந்தப் படகுக்குப் பிள்ளையை நீட்டினார் அப்பா.
இடையில் தண்ணீர் ஒரு முழம், ஒன்றரை, இரண்டு.
தீர்த்தகிரி தள்ளினார். படகு நின்றது.
'உக்காரு!' என்றார்.
எல்லோரையும் சார் என்று கூப்பிடுகிற மனிதர்.
உட்கார்ந்தார்கள்.

விழுந்தது ஒரு செருப்பு. இடது கால், சின்னது.
துடுப்பு நுனியில் எடுத்துக் கொடுத்தார்.
கரைக்கு வந்ததும் டீயை இரண்டு கையாலும் பிடித்தார்,
ஆனாலும் சிந்தியது.

அன்றைய பேரேட்டில்
டிக்கெட் எழுபத்திரண்டு, பழுது இல்லை.
விழாத பிள்ளையை எந்தப் பத்தியில் எழுத?
வரவிலா?

தையில் புதுப்பிப்பு வந்தது.
விகிதம் ஏறிவிட்டதாம். கழிவு போக
அறுபத்திரண்டாயிரத்து நூறு.
போன வருஷத்தைவிட எழுநூறு கூட.
'பயிற்சி இல்லேன்னா இன்னும் ஏறியிருக்கும்மா'
என்றார் சுகவனம், குரலைத் தாழ்த்தி.
ஏற்கெனவே ஒரு முறை மூழ்கியவர்.
கோபிக்க மனம் வரவில்லை.

அடுத்த ஆடிக்கு இரண்டு புதுப் பையன்கள் பெயரை அனுப்பினேன்.
மூன்றாவதாக என் பெயர்.
நீச்சல் தெரியுமா என்ற கட்டத்தில்
இல்லை என்று எழுதினேன், கொஞ்சம் பெரிய எழுத்தில்.

காசோலையை எடுத்துக்கொண்டு இறங்கும் பஸ்ஸில்
பதிமூன்றாம் வளைவில்
எதிரே ஒரு லாரி, மரம் ஏற்றியது.
டிரைவர் பிரேக்கை மிதிப்பதற்கு முன்பே
என் இரண்டு கைகளும்
நெஞ்சிலிருந்து எதையோ
தள்ளிக்கொண்டிருந்தன.