சாம்பல் நிறப் பொத்தான்

இணையம் இல்லாமலும் எழுதலாமாம்.
மெர்சி பென்டிரைவில் கொண்டுவந்தாள்.
முப்பது நாள் இலவசம்,
அதில் நாலு ராத்திரி கரண்டே இல்லை.

எண்ணூரில் காற்றடித்தால் டவர் படுத்துவிடும்,
எனக்கு இது சரிதான் என்று உட்கார்ந்தேன்.
முதல் சொல் 'கொசஸ்தலை'.
கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம்,
நடுவில் புள்ளிபுள்ளியாய் ஒரு வட்டம்.
எழுத்துருவை மாற்றினேன். ஆறு சேர்ந்தது.

இறால் வலையில் சாம்பல் ஏறியதை எழுதினேன்.
தம்பி எஞ்சினை விற்றதை எழுதி
அழித்தேன்.
முன்னூற்றுப் பன்னிரண்டு சொற்கள் என்றது,
அழித்ததை எண்ணாமல்.

'வெளியிடு' மட்டும்
சாம்பல் நிறத்தில் அமுங்காமல் கிடந்தது.
கிடக்கட்டும்.
யாரும் படிக்காத இந்த ராத்திரியில்
தம்பி விற்றதைத் திரும்ப எழுதினேன்,
யாருக்கு, என்ன விலைக்கு என்பதோடு.