நான்காம் எண்

நரீன் நகரில் மைனஸ் இருபத்து மூன்று.
கணினி அறையில் பதினொரு பெட்டிகள்.
ஒன்பது எழுந்திருக்கும்,
ஏழு எழுந்தபின் வேலையும் செய்யும்.
காலை ஷிப்டில் இருபத்தாறு பிள்ளைகள்,
மதியம் முப்பத்தொன்று,
எல்லோருக்கும் ஒரே பயனர் பெயர், 'மாணவர்'.
கடவுச்சொல்லும் அதுவே.

உலாவி என்று பெயர் வைத்தவர்
இந்த அறைக்கு வந்திருக்க மாட்டார்.
பனியில் ஏற்றம் ஏறும் கழுதைபோல
ஓரடி வைக்கும், நின்று யோசிக்கும்.
நீலச் சக்கரம் சுற்றச் சுற்ற
எர்மெக் கையுறையைக் கழற்றுகிறான்,
மடிக்கிறான், மறுபடி மாட்டுகிறான்.
'மலை ஏரிகள்' என்று தட்டினான்.
முதல் ஏரியின் மேல்பாதி,
அதாவது வானம், வந்திருக்கிறது.
தண்ணீர் அடுத்த வாரம் வரலாம்.

எல்லாவற்றிலும் மோசம் நான்காம் எண்.
தற்காலிகக் கோப்புகளை அழித்தேன்.
யாரோ ஒட்டவைத்த மூன்று தேடல் பட்டைகளை,
பொய்யான வைரஸ் எச்சரிக்கையை,
ஒரு குதிரைப் பந்தய விளையாட்டை
பிடுங்கி எறிந்தேன்.
மூடியைத் திறந்து தூசியை ஊதினேன்,
இரண்டு நாள் தும்மினேன்.
திங்களன்று புதுப்பெட்டி.
செவ்வாயன்று வேதாளம் மரமேறிவிட்டது.

மாவட்ட அலுவலகம் தந்த பதிவேட்டில்
எண், குறை, காரணம் என்று மூன்று கட்டம்.
மூன்றாவது கட்டம் டிசம்பரிலிருந்து காலி.

நேற்று, ஷிப்டுகளுக்கு நடுவே கிடைக்கும் இருபது நிமிடத்தில்
தேநீரை ஆறவிட்டு நான்கின் முன் உட்கார்ந்தேன்.
எந்தப் பக்கம் எவ்வளவு நினைவகம் தின்கிறது
என்று வரிசைப்படுத்திப் பார்த்தேன்.
பதினெட்டு டேப்கள்.
பின்ன வகுத்தல், ஒரு பாடகியின் திருமணம்,
மதிய ஷிப்டுக்காரன் பாதியில் விட்ட கால்பந்து ஸ்கோர்.
கடைசியில், பெயர்கூடத் தெரியாமல் ஒடுங்கி,
நினைவகத்தில் பாதியைத் தனியே தின்றுகொண்டு
ஒன்று.

திறந்தேன்.
கணவாய்.
சாலைத் துறைக் கம்பத்துக் கேமராவின் நேரலை.
சாம்பல், அதன்மேல் இன்னும் கொஞ்சம் சாம்பல்.
அவ்வப்போது படம் துடித்து மாறுகிறது.
ஒரு துடிப்பில் ஒன்றுமில்லை.
அடுத்ததில் இரண்டு மஞ்சள் புள்ளிகள்.
அதற்கடுத்ததில் அவை லாரி.

விசைப்பலகைக்கு அடியில்
நான்காய் மடித்த தாள், ஆறேழு கையெழுத்து.

9.10 பச்சை காமாஸ், கண்ணாடியில் விரிசல், சாய்கலின் அப்பா
9.35 வெள்ளை வேன், மெலிஸின் அம்மா
10.05 நிலக்கரி லாரி, நம்முடையது இல்லை
10.40 பச்சை திரும்பவில்லை
10.50 திரும்பவில்லை
11.15 வந்துடுச்சு சாய்கல் வந்துடுச்சு

சாய்கல் உட்காருவது ஒன்பதாம் எண்ணில்.
அந்த ஷிப்டில் யார் யார் நான்கின் முன் உட்கார்ந்தார்களோ
எனக்குத் தெரியாது.

டேபின் ஓரத்தில் சின்னப் பெருக்கல் குறி,
ஒரு சொடுக்கு போதும்,
எர்மெக்கின் ஏரிக்குத் தண்ணீர் வந்துவிடும்.
வாசலில் மதிய ஷிப்ட்
காலணிப் பனியைத் தட்டிக்கொண்டிருந்தது.
தாளை அதன் மடிப்பிலேயே மடித்து வைத்தேன்.
மற்ற பதினேழையும் மூடினேன்.

செத்துக் கிடக்கும் பதினொன்றாம் எண்ணிலிருந்து
நினைவகச் சில்லை நகத்தால் நெம்பி எடுத்து
நான்கில் செருகினேன்.
முடுக்கியதும்
'பக்கங்களை மீட்கவா?' என்று கேட்டது.
மீட்கச் சொன்னேன்.
கழுதை இப்போது கோவேறு கழுதை,
அவ்வளவுதான்.

காரணம் என்ற கட்டத்தில்
'வானிலை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

இன்று காலை அலுவலகத்திலிருந்து கனாத்பெக்கின் போன்.
கணினி மெதுவாவதற்கு வானிலையா காரணம், எஜே?
ஆமாம் என்றேன்.
எப்படி என்றார்.

நான்காம் எண்ணில் எர்மெக்,
கையுறை இல்லாமல், பென்சிலைக் கடித்துக்கொண்டு.
மூன்றாம் வரிசையில் மெலிஸ்
அவன் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தான்.
மணி ஒன்பது ஐம்பது.

ஒரு நிமிடம் இருங்கள் என்றேன்.