நாலாம் டிவிசன்

சுங்கை கெலாடி டவுனில் காப்பிக்கடை ஆ ஹெங்
அங்கே போக வழியே இல்லை என்கிறார்.
வழி இருக்கிறது.
செம்பனை லாரிகள் திரும்பும் இடத்தில் தார் முடிகிறது,
அப்புறம் செம்மண்,
அப்புறம் ஏழு ஈயக்குட்டைகள்.
தோண்டியதை எல்லாம் கப்பலில் ஏற்றிவிட்டு
பள்ளத்தை மட்டும் மழைக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள்.
மழை அதைப் பச்சையாக நிரப்பி வைத்திருக்கிறது.

நில அலுவலகம் எனக்கு ஒரு அட்டையும் படிவங்களும் தந்தது,
சுல்ஃபட்லிக்கு ஒரு டிரோன்.
அவன் மேலிருந்து கூரைகளை எண்ணவேண்டும்,
நான் கீழே கதவுகளை.
இரண்டும் ஒத்துவந்தால்
இடிக்கலாம்.

முதல் லயத்தில் படிகள் மட்டும் மிச்சம்.
மூன்று படி ஏறினால் காற்று.
இரண்டாவதில் ஒரு ரம்புத்தான் மரம்
தகரக் கூரையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிறது.
பெரட்டுக் களத்தில் ஆளுயர லாலான்.
சுவரில் யாரோ கரியால் எழுதியது அழியவில்லை:
பாக்கி 14 வெள்ளி 60. சன்னாசி தரணும்.
படிவத்தில் கடனுக்குக் கட்டம் இல்லை.

எனக்கு இங்கே அழ ஒன்றும் இல்லை.
கிள்ளானில், பதினோராம் மாடியில் பிறந்தவள் நான்.
பால்மரம் எனக்குப் பாடப்புத்தகப் படம்.
அதனால்தான் என்னை அனுப்பினார்களோ என்னவோ.

ஒரு கதவுக்கு ஒரு கோடு.
கதவே இல்லையென்றால் நிலைக்கு ஒரு கோடு.
முப்பத்தெட்டாம் வீட்டில் ஒரு உடும்பு
நிதானமாக என்னைக் கணக்கெடுத்துவிட்டு
அடுப்பங்கரைப் பக்கம் போனது.

ஐம்பத்து நாலு, கடைசி வீடு.
பின்சுவர் குட்டையில் கால் நனைத்திருந்தது.
தள்ளியபோது கதவு சத்தம் போடவில்லை.
அதுதான் முதலில் உறுத்தியது.
கீலுக்கு எண்ணெய் விட்டிருந்தார்கள்.

ஒரு பாய். மடித்த கைலி.
சார்டின் டப்பாவில் பல் துலக்கும் பிரஷ்.
ஹார்ட்வேர் கடைக் காலண்டர், இந்த வருடத்தது,
நேற்றுவரை பேனாவால் அடித்திருந்தது.
அடுப்புக்கல்லில் கைவைத்தேன்.
சூடு.

பின்வாசலில் நின்று பார்த்தால்
தண்ணீரின் மேல் ஒரு தலை.
இருபது வயது இருக்கும். கழுத்துவரை குட்டைக்குள்.
பக்கத்தில் மிதந்தது ஏதோ கம்பெனித் தொப்பி.
பாஸ்போர்ட் எவன் மேசை இழுப்பறையில் கிடக்கிறதோ.
அவன் பார்த்தது என்னை இல்லை,
என் கழுத்தில் தொங்கிய அரசாங்க அட்டையை.
இருவருக்கும் பொதுவாக உடைந்த மலாய் கொஞ்சம் இருந்திருக்கும்.
இருவரும் அதை எடுக்கவில்லை.
அவன் முகவாய் நடுங்கிய வளையங்கள்
ஒவ்வொன்றாக வந்து
என் செருப்பில் முட்டின.

மேலே வண்டுபோல டிரோனின் சத்தம்.
மூச்சை இழுத்துக்கொண்டு அவன் உள்ளே போனான்.
நான் எண்ணத் தொடங்கினேன்,
அதற்குத்தானே சம்பளம்.
பத்து.
இருபத்தி இரண்டு.
தண்ணீர் மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாததுபோல் பச்சையாக.
முப்பத்தாறில் சத்தம் விலகியது.
நாற்பத்தொன்றில் தலை வந்தது.
அதற்குள் எனக்கும் மூச்சு முட்டியிருந்தது.

ஜீப்பில் சுல்ஃபட்லி கேட்டான்,
"கூரை ஐம்பத்து நாலு. கதவு எத்தனை, காக்?"
கடைசிக் கோட்டைப் பெருவிரலால் தேய்த்தேன்.
மை போகவில்லை. எச்சில் தொட்டுத் தேய்த்தேன்.
அந்த இடத்தில் தாள் கிழிந்தது.
"ஐம்பத்து மூன்று."
"ஆள்?"
"கோசோங்," என்றேன். காலி.

அவன் திரையைப் பார்த்தபடி இருந்தான்.
கடைசிக் கூரையில் நீலமாக ஏதோ காய்ந்துகொண்டிருந்தது,
சட்டை அளவில்.
பெரிதாக்கிப் பார்க்க இரண்டு விரல் போதும்.
அவன் விரல்கள் ஸ்டியரிங்குக்குப் போயின.

"ஒத்துவரலையே, காக். மறுபடி வந்து எண்ணணும்."
"எண்ணலாம். மழைக்காலம் முடியட்டும்."
"மழை இன்னும் ஆரம்பிக்கவே இல்லை."
"ஆமாம்," என்றேன்.
செம்மண் முடிந்து தார் வந்தது.