கழித்தால் மிஞ்சுவது

லோரி ஏறினால் ஒரு எடை.
பழத்தைக் கொட்டிவிட்டு வந்தால் இன்னொரு எடை.
கழித்தால் மிஞ்சுவதுதான் செம்பனை.
பதினொரு வருஷமாக
இந்த எடைமேடைக் கூண்டில்
கழித்தல்தான் என் பிழைப்பு.
ஆறு மணிக்குமேல் பாடாங் செராய் திடலில்
ஹாக்கி குழுவுக்கு நிர்வாகி.

இந்த சீசனுக்குக் கையில் ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
டயர் கடை ஆயிரம், கோயில் கமிட்டி ஐந்நூறு,
மீதி எங்கிருந்து என்று என் மனைவிக்குத் தெரியாது.
டவுன் கிளப் அருள்தாஸ்
பினாங்கிலிருந்து மாநில கோல்கீப்பரை இறக்கிவிட்டார்.
ஒரு ஆட்டத்துக்கு நானூறாம்,
பெட்ரோலும் நாசி கண்டாரும் தனி.

எனக்கு வாய்த்தவன் 'ஏழு'.

பெயர் குணாளன். யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை.
மூன்று வருஷம் முன்பு தைப்பிங்கில்
ஒரே ஆட்டத்தில் ஏழு கோல் விட்டவன்.
ஒட்டுக்கடையில் தே தாரிக் கேட்டால்கூட
"ஏழுக்கு ஒன்னு" என்றுதான் உள்ளே சத்தம் போகும்.
ராத்திரிக் காவல் வேலைக்குப் போய்விட்டான்.
அவன் பேட் இரண்டும்
கோழிக்கூண்டுக்குக் கூரையாகிவிட்டன.

அன்று தைப்பிங்கில் நானும் இருந்தேன்,
எடைச்சீட்டின் பின்பக்கம் கோடு கிழித்துக்கொண்டு.
பழக்கதோஷம்.
அவனை நோக்கி வந்த பந்து முப்பத்துமூன்று.
ஏழைக் கழித்தேன்,
ஊர் கழித்த அதே ஏழை.
இருபத்தாறு மிஞ்சியது.
தடுத்ததை யார் எண்ணுகிறார்கள்?

"இந்தக் காசுக்கு நாலு நம்பர் எடுக்கலாம்,
சைபர் சைபர் சைபர் ஏழு போடு" என்றான்
பொருளாளர் சன்னாசி.
நம்பருக்காவது பத்தாயிரத்தில் ஒன்று என்று சொல்லலாம்.
கோல்கீப்பருக்கு?
முன்னாட்டக்காரனைப் பத்து ஆட்டம் பார்த்தால் பிடிபடும்.
இவனோ, பேட் ஓரம் பட்டு வெளியே போனால் சாமி,
உள்ளே போனால் சாணி.

ஆயிரத்து நூறுக்குப் புதுப் பேட் வாங்கினேன்.
மற்றவர்களின் பழைய ஸ்டிக்கில் டேப் சுற்றினோம்.
மோட்டார் பட்டறை சுவா,
குள்ளம் என்று டவுன் கிளப் திருப்பி அனுப்பியவன்,
ஒரு ஜோடி சப்பாத்துக்கு வந்தான்.
குலை வெட்டும் ஹஸ்னி ஓடவே மாட்டான்;
அவன் நிற்கிற இடத்துக்குத்தான்
கொஞ்ச நேரத்தில் பந்து வரும்.
அதற்கு யாரும் விலை வைக்கவில்லை. நூறு வெள்ளி.

முதல் ஆட்டம் மூன்று கோல்.
ஒன்று கால் இடுக்கில்.
இரண்டாவதில் இரண்டு.
சன்னாசி எதுவும் பேசவில்லை, அதுதான் வலித்தது.
குணாளனை நான் மாற்றவில்லை.
தைரியம் என்று நினைக்காதீர்கள்,
பேட் அவன் கால் அளவு.

பிறகு அந்த மழை ஆட்டம், டவுன் கிளப்போடு.
சேற்றில் பந்தா தவளையா என்று தெரியாமல்
விழுந்து, புரண்டு, உதைத்து,
இருபத்திரண்டு.
கடைசியில் சுவா ஒன்றைத் தள்ளினான்.
லாலான் ஓரத்தில் குடையோடு நின்ற யாரோ
"குணா!" என்று கத்தினார்கள்.
என் சீட்டு நனைந்து கோடெல்லாம் மை குழம்பாகிவிட்டது.
எண்ணிக்கை எனக்கு மனப்பாடம்.

மூன்றாம் இடத்தில் சீசனை முடித்தோம்.
மறு திங்கட்கிழமை
கூண்டு ஜன்னலுக்கு வெளியே குணாளன்,
இரண்டு கையிலும் பேட்.
அருள்தாஸ் ஐந்நூறு சொல்லியிருக்கிறார், ஆட்டத்துக்கு.
"பேட் குழுவோடது, அண்ணே."
விலை இல்லாதபோதுதான் என்னால் வாங்க முடியும்.
நான் நினைத்தது சரி என்று
ஊருக்குத் தெரிந்த அன்றே
அவன் என் கைக்கு எட்டாதவன்.
எடுத்துக்கொண்டு போ என்றேன்.
சன்னாசி என்னைக் கொல்லப்போகிறான்.

எடைமேடைமேல்தான் நின்றிருந்தான், கவனிக்கவில்லை.
திரையில் எண்பது.
இறங்கிப் போனான்.
சைபர்.

பின்னால் லோரி ஹார்ன் அடித்தது.
சீட்டுக் கட்டிலிருந்து ஒன்றைக் கிழித்து
முதலில் திருப்பிப் பார்த்தேன்.
பின்பக்கம் காலி.