நூற்று இருபத்தொரு டிகிரி

வார நாட்களில் நான் கொல்கிறவள்.
கீழ்ப்பாக்கத்தில் ஒரு மருத்துவமனையின் அடித்தளம்.
கத்தி, கிடுக்கி, துணிக்கட்டு எல்லாம்
நூற்று இருபத்தொரு டிகிரி ஆவியில் வேகும்.
ஒட்டிய நாடாவில் கறுப்புக் கோடு விழுந்தால்
ஒன்றும் மிஞ்சவில்லையென்று
கையெழுத்துப் போடுவேன்.

சனிக்கிழமை கொளத்தூர் மீன் கடையில்
காற்று மோட்டார் வாங்கினேன்.
'என்ன மீன் வளர்க்கிறீங்க மேடம்?'
மீன் இல்லை என்றேன்.
நல்லவேளை, மேலே கேட்கவில்லை.
எனக்கே பெயர் தெரியாது அவற்றுக்கு.

மெட்ரோ தண்ணீரை அன்றே
மொட்டைமாடியில் திறந்து வைத்தேன், குளோரின் பறக்க.
அதுவும் என் இனம்தான், கொல்கிற இனம்.
இரவுக்குள் மெல்ல மனம் மாறிவிடும்.
ஞாயிறு காலை
பழைய காலுறையில் இரண்டு பிடி மட்கு,
எலுமிச்சையளவு வெல்லம்,
வாளி நிறையக் குமிழி.

பூசை முடிந்து துணி காயப்போட வந்த பெனடிக்டா
எட்டிப் பார்த்து மூக்கைச் சுளித்தாள்.
'டீயா? யாருக்கு?'
கத்திரிக்கு.
'சர்க்கரை தூக்கலா?'
இருந்தும் இரண்டு கொடி தள்ளித்தான் காயப்போட்டாள்.

பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது.
தெரு முழுக்க மின்விசிறிகள் ஓயும் சத்தம்,
பிறகு கொசு, பிறகு யாரோ மின்வாரியத்தைத் திட்டுவது.
எனக்குக் கேட்டது ஒன்றுதான்:
மாடியில் வாளி பேச்சை நிறுத்தியது.

காற்று நின்றால் நல்லவை மூச்சுமுட்டும்,
நாறுகிறவை தலைதூக்கும்.
ஒரு மணி நேரம் தாங்குமா, இரண்டா,
எங்கோ படித்தது, மறந்துவிட்டது.
கலக்கக் குச்சி தேடினேன், இல்லை.
முழங்கைவரை கையை விட்டேன்.

பதினாறு வருஷமாகக்
கையுறைக்குள் இருந்த கை.
கரண்டி மண்ணுக்குள்ளே
இந்த ஊர் ஜனத்தொகையே அடங்குமாம்;
அத்தனை பேர் நடுவே
வெதுவெதுப்பாக, கொழகொழவென்று,
வலமாக நூறு, இடமாக நூறு.
மீனம்பாக்கம் நோக்கி இறங்கிய விமானத்தின் விளக்கு
வாளிக்குள் விழுந்து
என் விரல்களில் உடைந்தது.

ஒன்றே முக்காலுக்கு மோட்டார் உறுமியது.
குனிந்து முகர்ந்தேன்.
மழை தொட்ட மண்.
தோளைத்தான் தூக்க முடியவில்லை.

விடிந்ததும் ஊற்றினேன்.
கத்திரி ஒன்றும் சொல்லவில்லை.

டியூட்டிக்கு முன் முழங்கைவரை சோப்பு, விதிப்படி.
நகக்கண்ணில் ஒரு பழுப்புக் கோடு.
இரண்டாம் முறை தேய்த்தேன்.
மூன்றாம் முறை தேய்க்கையில் போனது.
பத்து மணிக்கு நாடாவில் கறுப்புக் கோடு.
கையெழுத்துப் போட்டேன்.

மோட்டாருக்கு
ஒரு பேட்டரி வாங்க வேண்டும்.